சின்க்ரோ இல்லாத முதல் கியர்

குனோங் ராபாட்டில் மாமாவின் பட்டறைக்கு 1965ஆம் வருஷத்து எம்ஜிபி ஒன்று வந்திருந்தது. ஓட்டிப் பார்த்தபோது, வண்டி நிற்கும் முன்பே முதல் கியரைத் தள்ளினேன். கர்ரென்று அரைத்தது.

"எஞ்சினியர் தம்பி, அதுல சின்க்ரோ கிடையாது" என்றார் மாமா.

பல்கலைக்கழகத் தேர்வில் சின்க்ரோவைப் படம் வரைந்து விளக்கியவன் நான். எம்ஜிபியின் முதல் கியருக்கு 1967 கடைசியில்தான் அது வந்தது என்று தெரியாது.

கிளட்சை மிதி, நியூட்ரல், கிளட்சை விடு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தட்டு, மறுபடி கிளட்ச், அப்புறம் கியர். பற்சக்கரங்கள் ஒரே வேகத்துக்கு வந்துவிட்டால் சத்தமே இருக்காது.

ஃபோர்டு சியராவின் ஐந்து கியர் டைப் 9 பெட்டியைப் போடலாமே, நெடுஞ்சாலையில் எஞ்சின் சுழற்சி குறையுமே என்றேன். மாமா மறுக்கவில்லை.

"போடலாம். மொதல்ல பழசை அவுத்துப் பாரு."

எஞ்சினோடு சேர்த்துத்தான் கியர்பாக்ஸை வெளியே எடுக்க வேண்டும். அதற்குள் ஊற்றுவதும் 20டபிள்யூ-50 எஞ்சின் எண்ணெய்தான். இதையெல்லாம் மாமா எங்கும் எழுதி வைத்ததில்லை.

பேரிங் தேய்ந்ததைச் சத்தத்திலேயே சொன்னவருக்கு இப்போது காது மந்தம். "என்னடா கேக்குது?" என்கிறார். கேட்டதைச் சொல்கிறேன். அவர் சொல்வதை அன்றிரவே நோட்டில் எழுதிவிடுகிறேன்.