சோடாக் காற்றும் நீர்ச்செடியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

செடிக்குத் தண்ணீர் ஊற்றுவோரை எங்கும் காணலாம். தண்ணீருக்குள்ளேயே வாழும் செடிக்குக் காற்று ஊட்டுவோரைக் கண்டதுண்டா? திருவேங்கடத்தில் எங்கள் வீட்டில் அந்த வேலை நாள்தோறும் நடைபெறுகிறது. மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி; அதில் மணல், செடிகள், இருபது ஜீப்ரா மீன்கள்; அருகில் கரியமில வாயு நிரப்பிய சிலிண்டர். பார்க்க வருவோர் அனைவரும் கேட்பது ஒன்றே: “நாம வெளிய விடுத கெட்ட காத்தையா மீனுக்குக் குடுக்க?”

கரியமில வாயு கெட்ட காற்று என்பது பாதி உண்மையே. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் மதுவடிசாலை ஒன்றின் அருகே வாழ்ந்தவர் ஜோசப் பிரீஸ்ட்லி. புளிக்கும் தொட்டிகளின்மேல் தேங்கி நின்ற அக்காற்றை 1767-இல் நீரில் கரைத்துச் சோடாவை உண்டாக்கினார். அவரே 1771-இல், மெழுகுவத்தி எரிந்தணைந்த காற்றில் புதினாச் செடியை வைத்தார். சில நாட்களில் அக்காற்று மீண்டும் சுடர் எரியத் தக்கதாயிற்று! இதற்கு ஒளி தேவை என்பதை 1779-இல் இங்கன்ஹௌஸ் காட்டினார். கரியமில வாயு தேவை என்பதை 1782-இல் செனபியே காட்டினார். பள்ளியில் வேலம்பாசியைப் புனலுக்குள் வைத்து, ஒரு சிட்டிகை சமையல் சோடாவைப் போட்டுக் குமிழிகள் பெருகியதைப் பார்த்தோமே, அது இம்மூவர் கண்ட உண்மைதான்.

காற்றில் கரியமில வாயுவின் பங்கு ஏறத்தாழ 0.04 விழுக்காடு. காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவே அது கரைந்திருக்கும். நீரில் அது பரவும் வேகமோ காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. வேலம்பாசி நீரிலுள்ள பைகார்பனேட்டிலிருந்தும் கரியைப் பெற்றுக்கொள்ளும். அவ்வாற்றல் இல்லாத செடிகள் வலிய விளக்கொளியில் பசியோடு நிற்கும். அவை பயன்படுத்தாத ஒளியைக் கொண்டு பாசி படரும். ஆகவேதான் லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை இவ்வாயுவை நீரில் கரைக்கிறோம்.

என் தாய்மாமா சோடாக் கம்பெனி வைத்திருப்பவர். சிலிண்டரைக் கையாளும் முறையை அவரிடமே கற்றேன். “ஏலே மருமகனே, சிலிண்டர வெயில்ல வைக்காத. சாயவும் விடாத, சங்கிலி போட்டுக் கட்டு” என்பார். அவர் அனுபவத்தில் கண்டதன் காரணத்தை நான் வகுப்பில் படித்தேன். 20 டிகிரி வெப்பத்திலேயே சிலிண்டருக்குள் வளிமண்டலத்தைப்போல் ஏறத்தாழ 57 மடங்கு அழுத்தம் இருக்கும். 31 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் இவ்வாயு திரவமாக நிற்காது என்பதை 1869-இல் தாமஸ் ஆண்ட்ரூஸ் விளக்கினார். நம் கரிசல் பூமியின் கோடைப் பகல் 31 டிகிரியோடு நிற்பதில்லை அன்றோ? அளவுக்கு மிஞ்சி நிரப்பிய சிலிண்டரில் அப்போது அழுத்தம் வெகுவாக ஏறும். எனவே நிழல், சங்கிலி, குறித்த எடைக்குமேல் நிரப்பாமை ஆகிய மூன்றும் கட்டாயம்.

சிலிண்டரின் அழுத்தத்தை ரெகுலேட்டர் குறைக்கிறது. ஊசி வால்வு வாயுவைக் குமிழி குமிழியாக விடுகிறது. தொட்டி நீர் குழாய்வழி திரும்பி வராமல் ஒருவழி வால்வு தடுக்கிறது. நீருக்குள் உள்ள பீங்கான் வில்லை குமிழிகளைப் பொடிப்பொடியாக்கிக் கரைக்கிறது. மின்சாரத்தால் திறக்கும் வால்வு ஒன்றும் உண்டு. மின்வெட்டு வந்தால் அது தானே மூடிக்கொள்ளும்.

இரவில் செடியும் மீனைப் போலவே உயிர்வளியை உட்கொண்டு கரியமில வாயுவை வெளிவிடும். ஆதலால் விளக்கணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாயுவை நிறுத்திவிட வேண்டும். அளவு மிஞ்சினால் மீனின் குருதி உயிர்வளியை ஏந்தும் ஆற்றல் குன்றும். மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அளவை அறியத் தொட்டிக்குள் ஒரு சிறு கண்ணாடிக் குமிழ் வைத்திருக்கிறேன். அதில் இருப்பது நாம் ஆய்வகத்தில் கண்ட புரோமோதைமால் நீலம். நீலமாக இருந்தால் வாயு போதாது, பச்சை சரி, மஞ்சள் ஆபத்து. ஆனால் நிறம் மாற ஓரிரு மணி நேரம் ஆகும். அதற்குள் மீன் சொல்லிவிடும். பார்க்க ஆள் வேண்டும், அவ்வளவே.

இவ்வாயுவை மனிதரும் எளிதாக எண்ணலாகாது. 1986 ஆகஸ்ட் 21 இரவு, ஆப்பிரிக்காவின் காமரூன் நாட்டில் நியோஸ் ஏரியின் ஆழத்தில் கரைந்திருந்த கரியமில வாயு பீறிட்டெழுந்து ஏறத்தாழ 1,700 பேரைக் கொன்றது. எங்கள் அறையின் சன்னல் எப்போதும் திறந்தே இருக்கும்.

“செடி செழிக்கணும்னு மீன் உயிரைப் பணயம் வைக்கலாமாய்யா?” என்று அம்மா ஒருநாள் கேட்டார்கள். அம்மா பள்ளி சென்றவர்கள் அல்லர். ஆயினும் இதைவிடச் சரியான கேள்வியை யாரும் கேட்டதில்லை. அன்று முதல் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: பார்க்க ஆள் இல்லாத நாளில் வாயு இல்லை. தேர்வு வாரங்களில் வீடு திரும்ப இரவாகிவிடும். அப்போது சிலிண்டரை மூடி, விளக்கை எட்டு மணி நேரத்திலிருந்து ஐந்தாகக் குறைத்துவிடுவேன். சிவப்பிலைச் செடிகள் சற்று மங்கும். மீன்களுக்கு ஒரு குறையும் இராது. மங்கிய செடி மீண்டும் துளிர்க்கும். மாண்ட மீன் மீளாது.

நம் கல்லூரி ஆய்வகத்திலும் இப்படியொரு தொட்டி வேண்டும் என்று நண்பர்கள் சிலர் விரும்புகின்றனர். நல்ல எண்ணமே! முதலில் வேலம்பாசியும் வாலிஸ்னேரியாவும் வைப்போம். அவற்றுக்குச் சிலிண்டர் தேவையில்லை. விடுமுறை நாளில் வந்து தொட்டியைப் பார்ப்பவர் யார் என்று பெயர் எழுதி ஒட்டுவோம். அந்தத் தாளில் ஓராண்டு முழுவதும் ஒரு நாளும் விடுபடாமல் கையெழுத்து விழுந்தால், அதன்பின் சிலிண்டர் வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.