தொலைவைச் சுருக்கும் கைப்பெட்டி

நுழையும்முன்

நோய் ஊர் பார்த்து வருவதில்லை. மருத்துவரோ எல்லா ஊரிலும் இருப்பதில்லை. இவ்விடைவெளியைக் குறைக்கப் பிறந்ததே தொலைமருத்துவம். கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறு கருவிகள் நோயாளியின் உடற்குறிகளைத் தொலைவிலுள்ள மருத்துவரிடம் சேர்க்கின்றன. அவை எவ்வாறு இயங்குகின்றன, எவற்றைச் செய்ய வல்லன, எங்கே நின்றுவிடுகின்றன என்பவற்றை ஒரு கடற்கரை ஊரிலிருந்து நோக்குகிறது இக்கட்டுரை.

கயிறு பேசிய மொழி

தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்துள்ளது புன்னைக்காயல். முத்துக்குளித்துறை என்று புகழ்பெற்ற கடற்கரையின் பழைய ஊர்களுள் இதுவும் ஒன்று. முத்துக்குளிப்பு இருவர் இணைந்து செய்யும் தொழில். ஒருவர் கல்லின் கனத்தோடு கடலடிக்கு இறங்குவார். மற்றவர் தோணியில் கயிற்றைப் பிடித்து நிற்பார். கீழே உள்ளவரால் பேச இயலாது. மேலே உள்ளவரால் பார்க்க இயலாது. கயிற்றின் அசைவே இருவருக்கும் மொழி. அந்த அசைவை உணர்ந்தவுடன் மேலே இழுத்தாக வேண்டும். அதனால் மனைவியின் உடன்பிறந்தவரையே கயிறு பிடிக்க அமர்த்துவர் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆனால் கண்ணுக்கு எட்டாத உடலின் நிலையைக் குறிப்பால் அறிய வேண்டிய தேவை நிற்கவில்லை.

மருத்துவப் பணியிலும் இவ்வூருக்கு நீண்ட தொடர்பு உண்டு. தமிழ் அச்சுக்கலையின் முன்னோடியாகப் போற்றப்படும் அண்ட்ரிக் அடிகளார், 16ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் மருத்துவமனை ஒன்றை நிறுவினார். நோயாளி இருக்கும் இடத்தை நோக்கி மருத்துவம் வர வேண்டும் என்ற எண்ணம் இக்கரைக்குப் புதிதன்று.

நள்ளிரவில் ஒரு நெஞ்சுவலி

இத்தகைய கடற்கரை ஊரொன்றில், கடலுக்குச் செல்ல ஆயத்தமாகும் ஒருவருக்கு நள்ளிரவில் நெஞ்சு வலிக்கிறது என்று கொள்வோம். வீட்டார் அதனை வாய்வு என்பர், சுக்குநீர் கொடுப்பர், விடியட்டும் என்று காத்திருப்பர். வலி மாரடைப்பினால் வந்ததாயின், காத்திருக்கும் ஒவ்வொரு மணித்துளியும் இதயத் தசையில் ஒரு பகுதியை அழிக்கிறது. இரத்தக்குழாயின் அடைப்பை நீக்கும் மருத்துவம் முதல் சில மணி நேரத்துக்குள் கிடைத்தால்தான் பெரும்பயன் தரும். எனவே அங்கு முதலில் வேண்டப்படுவது ஒரு விடை: இது வாய்வா, மாரடைப்பா? அவ்விடையை நோயாளியின் வீட்டு வாயிலிலேயே பெற உதவுவதே கையடக்கக் கருவியின் தலையாய பணி.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

தொலைமருத்துவப் பெட்டியில் பொதுவாக இரத்த அழுத்தமானி, வெப்பமானி, விரல் நுனியில் பொருத்தி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர், இதயத்தின் மின்னலைகளை வரையும் இ.சி.ஜி. கருவி, நெஞ்சொலியைப் பதிவு செய்யும் மின்னணு ஸ்டெதாஸ்கோப் ஆகியவை அமைந்திருக்கும். இவை உடற்குறிகளை எண்களாக மாற்றிக் கணினிக்கோ கைப்பேசிக்கோ அனுப்புகின்றன. இணைப்பு வலுவாக இருந்தால் மருத்துவர் நோயாளியை நேருக்குநேர் திரையில் கண்டு பேசலாம். வலுக்குறைந்தால், பதிவுகளைச் சேமித்து வைத்து இணைப்புக் கிடைத்ததும் அனுப்பலாம்.

இந்தியச் சிற்றூர்களுக்கென்றே இத்தகைய பெட்டியை உருவாக்கும் முயற்சி, சென்னை ஐ.ஐ.டி.யின் டெநெட் ஆய்வுக்குழுவின் ஊக்கத்தோடு நடைபெற்றது. நியூரோசினாப்டிக் என்னும் நிறுவனம் உருவாக்கிய 'ரெமிடி' என்னும் பெட்டி அதன் விளைவு. குறைந்த மின்சாரத்திலும் மெலிந்த இணைய இணைப்பிலும் இயங்க வேண்டும் என்பதே அதன் வடிவமைப்பாளர்கள் தமக்கு விதித்துக்கொண்ட நெறி.

தெரிந்து தெளிவோம்

இ.சி.ஜி. கருவியை உருவாக்கிய வில்லெம் ஐந்தோவன், 1905ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் லெய்டன் நகர மருத்துவமனையில் இருந்த நோயாளியின் இதய மின்னலைகளைத் தொலைபேசிக் கம்பி வழியாக ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர் தொலைவிலிருந்த தம் ஆய்வுக்கூடத்தில் பதிவு செய்தார். அக்கருவி ஏறத்தாழ 270 கிலோகிராம் எடை கொண்டது. கருவியைச் சுமந்து செல்ல இயலாமையால் குறிகளைப் பயணம் செய்ய வைத்தார் அவர். இன்று கருவியும் பயணம் செய்கிறது. குறியும் பயணம் செய்கிறது.

தமிழகம் கண்ட பயன்

கண் மருத்துவத்தில் தமிழகம் இத்துறைக்கு முன்னோடி. சென்னை சங்கர நேத்ராலயா 2003ஆம் ஆண்டில், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் துணையோடு, செயற்கைக்கோள் இணைப்புப் பெற்ற ஊர்தியைச் சிற்றூர்களுக்கு அனுப்பத் தொடங்கியது. அரவிந்த் கண் மருத்துவமனை, தேனிப் பகுதியின் சிற்றூர்களில் பார்வை மையங்களை அமைத்து, நெடுந்தொலைவு வைஃபை வழியாக அவற்றைத் தன் மருத்துவர்களோடு இணைத்தது.

மாரடைப்பு மருத்துவத்தில் நிகழ்ந்த முயற்சி இவற்றினும் கடினமானது. 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் நடைபெற்ற 'ஸ்டெமி' ஆய்வில், சிறிய மருத்துவமனைகள் பெரிய மருத்துவமனைகளோடு நான்கு தொகுதிகளாக இணைக்கப்பட்டன. கையடக்கக் கருவி பதிவு செய்த இ.சி.ஜி. உடனுக்குடன் இதய மருத்துவரைச் சென்றடைந்தது. அவர் உறுதிப்படுத்தியதும் அருகிலிருந்த மருத்துவமனையிலேயே இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து செலுத்தப்பட்டது. பின்னர் 108 ஆம்புலன்ஸ் ஊர்தி நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு சென்றது. 2420 நோயாளிகளை உள்ளடக்கிய இவ்வாய்வின் முடிவு 2017ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஓராண்டுக்குள் இறந்தோர் விழுக்காடு 17.6இலிருந்து 14.2ஆகக் குறைந்திருந்தது. நூறு குடும்பங்களில் மூன்று குடும்பங்களுக்கும் மேலாக ஓர் இழப்பிலிருந்து தப்பின என்பதே இவ்வெண்களின் பொருள்.

இக்குறைவு பெட்டியால் மட்டும் விளைந்ததன்று. பெட்டி விடை கூறியது. மருந்து, ஊர்தி, சாலை, திறந்திருந்த மருத்துவமனை ஆகியன உயிரைக் காத்தன. இவற்றுள் ஒன்று இல்லையெனினும் அவ்விடை வெறும் செய்தியாகவே முடிந்திருக்கும்.

கருவியின் எல்லை

தூத்துக்குடிப் பகுதியில் சங்கு குளிப்போர் அமுக்கிய காற்றைக் குழாய் வழியே சுவாசித்து ஆழத்தில் நெடுநேரம் பணி செய்கின்றனர். விரைந்து மேலெழுந்தால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி, மூட்டுகளில் வலியையும் கைகால்களில் மரத்துப்போதலையும் உண்டாக்கும். அந்நோய்க்கு ஆக்சிஜனும் உயர் அழுத்த அறையும் வேண்டும். திரையில் தோன்றும் மருத்துவர் நோயை இன்னதென்று கூறலாம். காலம் தாழ்த்தாது அனுப்புமாறு சொல்லலாம். அழுத்த அறையை இணையத்தில் அனுப்ப இயலாது. மகப்பேறு, விபத்து, அறுவை ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடுவண் அரசு வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகளும், எவற்றைத் தொலைவிலிருந்து செய்யலாம், எவற்றுக்கு நோயாளியை நேரில் வரச் செய்ய வேண்டும் என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும் என்றே கூறுகின்றன.

கருவியைத் தொடும் கை

இ.சி.ஜி. எடுக்கப் பத்து மின்முனைகளை மார்பிலும் கைகால்களிலும் உரிய இடங்களில் பொருத்த வேண்டும். இரண்டு இடம் மாறினாலும் வரைபடம் பொய் சொல்லும். கடலிலிருந்து அப்போதுதான் கரையேறியவரின் குளிர்ந்த விரலில் ஆக்சிமீட்டர் தவறான அளவைக் காட்டக்கூடும். நடந்து வந்தவரை அமர்த்தி ஓய்வளிக்காமல் அளந்தால் இரத்த அழுத்தம் மிகுந்து தோன்றும். தொலைவிலுள்ள மருத்துவர் இவற்றைக் காண்பதில்லை. நோயாளியின் அருகிலிருக்கும் கிராம சுகாதாரச் செவிலியரே காண்கிறார். விரலைத் துடைத்துச் சூடாக்குபவரும், அஞ்சி நிற்கும் முதியவருக்கு மருத்துவர் கூறியதை அவர் பேசும் தமிழில் விளக்குபவரும் அவரே.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் அறிகின்றனர். அவர்கள் எடுத்துச் செல்லும் கருவிகள் எளியவை. ஆயினும், ஊராருக்கு அறிமுகமான ஒருவரின் கையில் அவை இருப்பதால் கதவுகள் திறக்கின்றன.

தொலைமருத்துவத்திற்குச் செலவிடும்போது கருவிகளின் எண்ணிக்கையையே வளர்ச்சியின் அளவாகக் கொள்வது எளிது. பயிற்சி பெற்ற செவிலியர் இல்லாத ஊரில் அப்பெட்டி மேசைமேல் தூசு படிந்து கிடக்கும். பயிற்சியும் நம்பிக்கையும் பெற்ற ஒருவர் இருக்கும் ஊரிலோ, அதே பெட்டி நள்ளிரவில் ஓர் உயிருக்கு விடை கூறும். ஆகவே, கடலோரச் சிற்றூர்களுக்குப் பெட்டியை அனுப்புவோர், அதனைத் திறக்கக் கற்ற ஒரு கையையும் அங்கே நிலையாக அமர்த்துதல் வேண்டும்.