கொட்டகலை வழியாகப் பதுளைக்கு

கொழும்பு கோட்டையில் காலையில் பதுளைக் கோச்சி ஏறினால் மலை தொடங்கும்வரை தூங்கிவிடுவேன். எனக்கு அந்தப் பாதை நாவலப்பிட்டியில்தான் ஆரம்பம். அதற்கு முந்தியதை நாலு வரியில் சொல்லிவிடலாம். 1864இல் அம்பேபுஸ்ஸ வரையும் 1867இல் கண்டி வரையும் வெள்ளைக்காரன் தண்டவாளம் போட்டது கோப்பி மூட்டையை இறக்கத்தான். 1869இல் இலைநோய் வந்தது, கோப்பி போனது. தேயிலை மேலே மேலே ஏற, பின்னாலேயே கோச்சியும் ஏறியது: 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா.

அட்டன் தாண்டினால் சிங்கமலைச் சுரங்கம். இருட்டியதும் பிள்ளைகள் பெட்டி முழுக்க ஊளையிடுவார்கள். வெளிச்சம் வந்தால் கொட்டகலை. எங்கள் லயம் ரயில் பாதைக்குக் கீழே. கோச்சிச் சத்தம் கேட்டுத்தான் அம்மா அடுப்பு மூட்டுவாள். எங்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த எழுபதுகளில் அந்தச் சத்தத்துக்கே சனம் பயந்தது. “பாஸ்போட்டு வந்திருச்சா?” என்பதுதான் அப்போது கொழுந்து மலையில் கேட்ட பேச்சு.

பெரியம்மா வீட்டுக்கும் வந்தது. ஸ்டேசனுக்குத் தோட்டமே திரண்டு வந்தது. தகரப் பெட்டி, கம்பளி மூட்டை, கயிறு கட்டிய அண்டா. பெரியப்பா அம்மிக்கல்லைத் தோளில் சுமந்து வந்தார். “இதெல்லாம் எதுக்கு சகல, அங்க கெடைக்காதா?” என்றார் அப்பா. “யாரு கண்டா? அந்த ஊர நான் பாத்தேனா?” பெரியப்பா மட்டுமல்ல, அவருடைய அப்பாவும் இதே லயத்தில் பிறந்தவர். கோச்சி வந்ததும் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். கார்டு பச்சைக்கொடியை இரண்டு தடவை காட்டியும் யாரும் கையை விடவில்லை. சிங்களவரான அந்தக் கார்டே கீழே இறங்கி நின்றுவிட்டார். கடைசியில் வண்டி நகர, அம்மா பிளாட்பாரம் முடியும்வரை ஓடினாள். தலைமன்னார், அங்கிருந்து கப்பல், பிறகு நீலகிரி. ஆறு மாதம் கழித்து வந்த கடிதத்தில் பெரியம்மா எழுதச் சொல்லியிருந்தாள்: இங்கே எங்களைச் சிலோன்காரங்க என்கிறார்கள். கொட்டகலையில் இருந்த எங்களுக்குக் கிடைத்த பெயர் கள்ளத்தோணி. துரைமார் ஆள் வைத்து, மண்டபம் முகாமில் பதிந்து, டிக்கெட் கொடுத்துக் கூட்டிவந்த சனத்துக்கு!

வெள்ளைக்காரன் எங்களை லயத்தில் அடைத்தான். அதை மறக்க மாட்டேன். ஆனால் 1947 தேர்தலில் தோட்டத்து மக்கள் பாராளுமன்றத்துக்கு 7 பேரை அனுப்பினார்கள் என்பதும் உண்மை. 1948 பெப்ரவரியில் சுதந்திரம். அதே வருடம் பிரசாவுரிமைச் சட்டம். அடுத்து வாக்கும் போனது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாடற்றவர்களாக மிஞ்சியவர்களுக்குப் பிரசாவுரிமை கொடுக்கும் சட்டம் வர 2003 ஆனது.

மிச்சப் பாதையை இந்த நாடு தாராளமாகவே சொந்தம் கொண்டாடுகிறது. பட்டிப்பொலையில் 1,898 மீட்டர் உச்சி. தியத்தலாவையில் ஆங்கிலேயர் போயர் கைதிகளை அடைத்த இடம்; அதுவும் இப்போது வரலாறு. எல்லவுக்கு அப்பால் ஒன்பது வளைவுப் பாலம். அரசாங்கத்தின் சுற்றுலா விளம்பரத்தில் அதுதான் இலங்கையின் முகம். வெள்ளையன் கட்டிய கல் தேசியச் சொத்தாக யாரும் சட்டம் போட வேண்டியிருக்கவில்லை. அவன் கொண்டுவந்த மனிதர்களுக்குத்தான் 55 வருடம் பிடித்தது. சுதந்திர நாடு காலனியிடமிருந்து எதை எடுப்பது, எதைத் தள்ளுவது என்று தானே தெரிவு செய்தது. அந்தக் கணக்கை இன்னும் துரையின் தலையில் எழுதுவது நியாயமில்லை.

1924இல் தண்டவாளம் பதுளையில் முடிந்தது. போகிற வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே லயங்கள் தெரியும். அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டுக்கும் நிலத்துக்கும் உறுதி கிடையாது. இந்தப் பாதையை நாட்டின் பெருமை என்பவர்கள் முதலில் அந்தக் காணி உறுதியைக் கொடுக்கட்டும்.