திறன் என்றொரு சொல்

மைசூரில் வேலை பார்க்கும் அக்கா மகனின் வீட்டில் ஒரு வாரம் தங்கப் போயிருந்தேன். சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரை டப்பா. அதனடியில் மடித்துவைத்திருந்த தமிழ்த் துண்டுப் பிரசுரத்தைப் பிரித்ததும் திடுக்கிட்டேன். அதை மொழிபெயர்த்தவன் நான்தான்.

"ஊருக்கு வந்தப்போ கடையில கொடுத்தாங்க மாமா. தமிழ்ல தெளிவா இருந்தது, வாங்கிட்டேன்" என்றான். அவனுக்கு 26 வயது. வாரத்தில் நான்கு நாள், விடிவதற்குள் சாமுண்டி மலையின் ஆயிரம் படிகளையும் ஏறி இறங்குகிறான். 21 கிலோமீட்டர் ஓட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். அதற்காகத் தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி, கூடவே வைட்டமின் ஈ.

அந்தத் தெளிவான வாக்கியம் எனக்கு நினைவிருக்கிறது: 'உங்கள் ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் உயரும்.' மூலத்தில் இருந்த ஆங்கிலச் சொல்லுக்குக் கொள்திறன், ஆற்றல் என்றெல்லாம் யோசித்து, கடைசியில் 'திறன்' என்று முடித்தேன். எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு ஓசை திருப்தி தந்தது. அது எதை அளக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

கேட்டிருக்க வேண்டும். அந்த வாரம் தேடித் தேடிப் படித்தேன். மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1950-ல் தொடங்கப்பட்ட ஊர் இது. ராணுவத்தினரின் சாப்பாட்டை ஆராயும் கூடமும் 1961 முதல் இங்கே இருக்கிறது. உணவைக் கரைத்துக் குடித்தவர்கள் நிறைந்த ஊரில், ஒன்றும் தெரியாமல் எழுதியவனாக நடமாடக் கூச்சமாக இருந்தது.

தசை கடுமையாக உழைக்கும்போது ஃப்ரீ ராடிகல் எனப்படும் துடுக்கான மூலக்கூறுகள் உண்டாகின்றன. அவை செல்களைச் சேதப்படுத்தக்கூடியவை. ஆன்டிஆக்ஸிடன்ட்கள் அவற்றை அடக்குகின்றன. ரத்த மாதிரியைச் சோதனைக் குழாயில் இட்டு, எவ்வளவு அடக்குகிறது என்று பார்த்துச் சொல்லும் எண்தான் அந்தத் 'திறன்'. மாத்திரையால் எண் உயரலாம். கால் வேகமாக ஓடும் என்று அதற்குப் பொருளில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. இந்தத் துடுக்குக்காரர்கள் தூதர்களும்கூட. 'இன்னும் பலப்படு' என்று தசைக்குச் சேதி சொல்பவை அவைதான். ஜெர்மனியில் நடந்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வில் சுமார் 40 இளைஞர்கள் நான்கு வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். மாத்திரை சாப்பிடாதவர்களின் உடல் இன்சுலினை மேலும் நன்றாகப் பயன்படுத்தக் கற்றது. வைட்டமின் சி, ஈ இரண்டையும் சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. 2014-ல் நார்வேயில் 54 பேரை 11 வாரம் கவனித்தார்கள். ஆக்ஸிஜனை உள்வாங்கும் அளவு இரு தரப்புக்கும் ஒரேபோல்தான் கூடியது. ஆனால் தசைக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுவதற்கான அடையாளங்கள், மாத்திரை சாப்பிடாதவர்களிடம் மட்டுமே அதிகரித்தன. சத்துக் குறைவு இருப்பதாக டாக்டர் சொன்னால் மாத்திரை வேண்டும்தான். ஆரோக்கியமாக இருப்பவன் கூடுதலாக விழுங்கி என்ன லாபம்?

கிளம்புவதற்கு முதல் நாள் அவனோடு மலையேறினேன். எழுநூறாவது படியருகே, நந்திக்கு முன்னால் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி எல்லாவற்றையும் சொன்னேன். பிரசுரம் என்னுடையது என்பதையும்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அப்போ என்ன எழுதியிருக்கணும் மாமா?"

"'ரத்தப் பரிசோதனையில் ஓர் எண் உயரும்' என்று."

"அப்படி எழுதியிருந்தா நான் வாங்கியிருக்க மாட்டேனே."

அதனால்தான் அப்படி எழுதச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது எங்கள் இருவருக்கும் புரிந்தது.

இறங்கியதும் ஒரு தள்ளுவண்டியில் கொய்யா வாங்கினோம். 100 கிராமில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி. வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம் போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. உப்பும் மிளகாய்த் தூளும் தூவிக் கொடுத்தார் வண்டிக்காரர்.

ஊர் திரும்பியதும் அந்த வாக்கியத்தைத் திருத்தும்படி கம்பெனிக்கு எழுதினேன். இன்னும் பதில் இல்லை. மருமகனிடம் போனில் கேட்டேன், மாத்திரையை நிறுத்திவிட்டாயா என்று.

"பாதி டப்பா இருக்கு மாமா. காசு கொடுத்து வாங்கினதாச்சே, முடிச்சுட்டு நிறுத்திடறேன்."

அந்தக் காசில் ஒரு பங்கு எனக்கும் வந்திருக்கிறது. நான் எப்படி வற்புறுத்துவது?