சதுரங்கப் பொறியும் நினைவின் அளவும்

நினைவு மிகுந்தவனே வல்லவன் என்பது உலகில் வழங்கும் ஒரு கருத்து. கணினியிற் சதுரங்கம் பயிலும் மாணவரும், பொறிக்கு நினைவகத்தை எவ்வளவு மிகுதியாக ஒதுக்குகின்றோமோ அவ்வளவு வன்மையுடன் அஃது ஆடும் என்பர். இஃது ஒருபுடை உண்மையே. முற்றும் உண்மையன்று என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பொறிக்கு நினைவு எற்றுக்கு? வெள்ளைக்காயினர் ராணியின் சிப்பாயை முன்னும் குதிரையைப் பின்னும் நகர்த்தினாலும், குதிரையை முன்னும் சிப்பாயைப் பின்னும் நகர்த்தினாலும், எதிரியின் விடைகள் ஒத்திருப்பின் பலகையில் அமையும் நிலை ஒன்றே. அதனை இருமுறை ஆராய்தல் வீண் உழைப்பு. ஆதலின் பொறி தான் கண்ட முடிவை ஓர் அட்டவணையிற் குறித்து வைக்கின்றது. அதனை ஹாஷ் அட்டவணை என்பர். நிலை ஒவ்வொன்றற்கும் ஓர் எண்ணை அடையாளமாக அமைக்கும் முறையை 1970ஆம் ஆண்டில் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்து ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட் என்பார் வகுத்துரைத்தார்.

இனி அளவை நோக்குவாம். ஸ்டாக்ஃபிஷ் என்னும் புகழ்பெற்ற பொறி, நாம் வேறு கட்டளையிடாதவழி, 16 மெகாபைட்டையே இவ்வட்டவணைக்குக் கொள்ளும். அதில் மூன்று குறிப்புகள் 32 பைட்டுகளில் அடங்குமாதலின், மொத்தம் 15 இலட்சத்துக்கு மேற்பட்ட குறிப்புகள் அமையும். நொடிக்குப் பல இலட்சம் நிலைகளை ஆராயும் பொறிக்கு இவ்விடம் விரைவில் நிரம்பும். அப்பொழுது பழையனவும் ஆழமில்லாதனவுமாகிய குறிப்புகளைக் களைந்து புதியனவற்றிற்கு இடந்தரும். எனவே, நெடுநேரம் ஒரே நிலையை ஆராய்வார்க்குப் பெரிய அட்டவணை இன்றியமையாதது.

எம் நண்பர் ஒருவர், நூல் வாங்க வீட்டார் அனுப்பிய பணத்தைக் கொண்டு தம் பழைய மடிக்கணினிக்கு நினைவகம் வாங்கக் கருதி எம்மை வினவினார். அதன்கண் உள்ளது 4 கிகாபைட். அவர் பயில்வதோ, நகர்த்தல் ஒன்றுக்குப் பொறி இரண்டு மூன்று நொடியே எண்ணும் விரைவாட்டம். 256 மெகாபைட் ஒதுக்கின் இரண்டரைக் கோடி குறிப்புகளுக்கு இடமுண்டு என்று கணக்கிட்டு, அவ்வாறே அமைத்தோம். அட்டவணை ஆயிரத்தில் எத்தனை பங்கு நிரம்பிற்று என்பதைப் பொறியே அறிவிக்கும். இருவரும் அருகிருந்து நோக்கியபொழுது பாதியும் நிரம்பவில்லை. உள்ள நினைவகத்துக்கு மிஞ்சி ஒதுக்கியிருப்பின், கணினி குறை நிரப்ப வட்டினை நாடும். வட்டோ பன்மடங்கு மெதுவானது. பொறி விரைவு குன்றித் தளரும்.

ஆகவே, நினைவு சிந்திக்கும் காலத்துக்கும் தாங்கும் கருவிக்கும் ஏற்ற அளவினதாதல் வேண்டும். தாலந்து உவமையில் ஒரு தாலந்து பெற்றவன் கெட்டது அது சிறிதாயிருந்தமையால் அன்று. அதனைப் பயன்படுத்தாது புதைத்தமையால். சிறிய கணினியுடைய மாணவர் இதனை எண்ணி ஆறுதல் கொள்க. எம் நண்பர் பணமும் புத்தகக் கடைக்கே சென்றது.