ஒரே காற்று

விளையாட்டில் வர்க்கமில்லை என்பர். கருவியின் விலையை அறியாதார் கூற்று அது.

இங்கிலாந்து சென்றிருந்தபோது, உள்ளூர்ப் பாய்ப்படகுக் கழகமொன்றின் குளக்கரையில், வானொலி அலையால் இயக்கப்படும் சிறு பாய்ப்படகுகளின் போட்டியைக் கண்டேன். அவை 1988இல் விதி வகுக்கப்பட்ட ‘சர்வதேச ஒரு மீற்றர்’ வகையைச் சேர்ந்தவை. நீளம் ஒரு மீற்றரை விஞ்சலாகாது; நிறை 4 கிலோகிராமிற் குறையலாகாது. வானொலி ஆள்வது சுக்கானையும் பாய்களையும் மட்டுமே, உந்துவது காற்று. உடலையும் பாய்மரத்தையும் விலையுயர்ந்த காபன் இழையாற் செய்தல் கூடாது. பணம் திறமையை வெல்லலாகாது என்பதே இவ்விதியின் உட்கிடை. ஆதலால், மரச்சலாகைகளை ஒட்டித் தாமே படகு செய்த ஓய்வுபெற்ற பஸ் சாரதியொருவர், கடையில் வாங்கி வந்தோருடன் சரிநிகராக நின்றார். பிறர் படகில் மோதியவர், தம் படகைத் தாமே ஒருமுறை சுழற்றித் தண்டனை ஏற்றார்.

அங்கே படகை அளந்த பின்னரே போட்டி. நம் நாட்டுப் பரீட்சை மண்டபத்திலோ, எல்லோருக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்துவிட்டு அதனைச் சமத்துவம் என்கிறோம். ரியூஷன் பணத்தாற் செய்த படகும், தோட்டத்து லயத்திலிருந்து வந்த ஓட்டைத் தோணியும் ஒரே கோட்டில் நிற்கின்றன.

ஒரே காற்று வீசினாற் போதுமா? படகையும் அளக்க வேண்டாமா?