வாப்பாவின் கொப்பியும் நானாவின் இயந்திரமும்

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் வீட்டில் இரண்டு மாதமாக ஒரே பேச்சுத்தான். காலைத் தேநீரிலும் அதுதான், இரவு சோறு போடும்போதும் அதுதான். தோட்டத்துக்கு டிரக்டர் வாங்குவதா, அல்லது நானா சொல்லும் அந்தக் குட்டி இயந்திரத்தை வாங்குவதா?

பெண்கள் படிக்கும் பக்கத்தில் இதென்ன இயந்திரக் கதை என்று எண்ணிவிடாதீர்கள் சகோதரிகளே! காணி என் பெயரில் இருக்கிறது. விற்கப்போகும் நகையும் என்னுடையது. ஆனால் பேசியவர்கள் எல்லாம் ஆண்கள். நான் தேநீர் கொண்டுபோய் வைத்தபோதெல்லாம் ஒரு கணம் பேச்சை நிறுத்தினார்கள். நான் திரும்பியதும் மறுபடி தொடங்கினார்கள்.

மதுரங்குளியிலிருந்து உள்ளே போகும் கிராமம் எங்களுடையது. மர்ஹூம் வாப்பா எனக்கு எழுதி வைத்தது 12 ஏக்கர் தென்னந்தோட்டம். மரத்துக்கு மரம் 26 அடி விட்டு நட்டால் ஏக்கருக்கு 64 மரம் வரும் என்பது தென்னைக்காரர்கள் எல்லோரும் அறிந்த கணக்கு. அந்தக் கணக்கில் பார்த்தால் எங்களிடம் 750க்கு மேல் இருக்க வேண்டும். பழைய மரங்கள் பல பட்டுப்போய், அந்த இடங்களில் 180 இளங்கன்றுகள் நிற்கின்றன. மணல் தரை. மழை குறைந்த ஊர். வெயில் மாதங்களில் கன்றுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றாவிட்டால் கருகிவிடும்.

வாப்பா காலத்தில் எல்லாம் கூலிக்குத்தான். தேங்காய் ஆய்ந்தால் யாராவது டிரக்டர் பெட்டியோடு வருவார். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வருட இறுதியிலேயே தடையை நீக்கினார்கள் என்றாலும், உரத்தின் விலை எங்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. நாங்களும் மற்றவர்களைப் போல மாட்டெருவுக்குத் திரும்பினோம். பட்டிக்காரர்களிடம் லோட் லோடாக வாங்கிக் கிணற்றடியில் குவித்தோம். அடுத்த வருடம் டீசல் வரிசை வந்தது. கூலிக்கு வரும் டிரக்டர்கள் வரவில்லை. எருக்குவியல் குவித்த இடத்திலேயே கிடந்தது.

குவியலாக விட்ட எரு சும்மா கிடக்காது. தென்னையைத் தின்னும் காண்டாமிருக வண்டு அதற்குள்தான் முட்டையிடும். 2023 தொடக்கத்தில் நான் ஒரு தாச்சி எரு அள்ளினேன். பெருவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. கன்றுகளைப் போய்ப் பார்த்தால் விரிந்த ஓலைகள் கத்தரியால் வெட்டிய மாதிரி இருந்தன. வண்டு குருத்துக்குள் புகுந்து தின்றால் ஓலை விரியும்போது அப்படித்தான் தெரியும். குருத்தின் நுனி போய்விட்டால் கன்றும் போய்விடும். எருவை உடனே பரத்திவிட வேண்டும் என்ற நிலை. மூன்று ஆட்கள் தாச்சியால் சுமந்தார்கள். ஒரு வாரத்தில் குவியலின் ஒரு மூலைதான் குறைந்தது.

அப்போதுதான் நானா வாயைத் திறந்தார். அவர் கட்டாரில் பதினொரு வருடம் கட்டட வேலைத்தளங்களில் இந்தக் குட்டி இயந்திரத்தை ஓட்டியவர். 'ஸ்கிட் ஸ்டியர்' என்பது அதன் பெயர். வேலையாட்கள் எல்லாவற்றையும் 'பொப்கட்' என்றே சொல்வார்கள். ஊருக்கு வந்து மூன்று வருடமாகியும் அவருக்கு நிலையான தொழில் அமையவில்லை.

"தங்கச்சி, நான் ஒண்டைக் கூலிக்குப் பிடிச்சிக் கொண்டுவாரன். நீ ரெண்டு நாளைக்குப் பார். பார்த்துட்டுச் சொல்லு" என்றார்.

இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவருக்கு டிரக்டர்தான். அதுவும் சிவப்பு நிறத்தில், 50 குதிரைவலுவில். இவர் சொன்ன காரணங்கள் சரியானவையாக இருக்கலாம். ஆனால் டிரக்டரின் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்ததும் ஆண்களுக்கு ஓர் உயரம் வந்துவிடுகிறது என்பதை நான் கண்டிருக்கிறேன்.

லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். பார்க்க விளையாட்டுச் சாமான் போல இருந்தது. அதற்கு ஸ்டியரிங் வட்டு இல்லை. இடப்பக்கத்து இரண்டு சக்கரங்களும் ஒன்றாகச் சுற்றுகின்றன, வலப்பக்கத்து இரண்டும் ஒன்றாகச் சுற்றுகின்றன. ஒரு பக்கத்தை வேகமாகவும் மறுபக்கத்தை மெதுவாகவும் விட்டால் வண்டி திரும்புகிறது. ஒரு பக்கம் முன்னாலும் மறுபக்கம் பின்னாலும் சுற்றினால் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுழல்கிறது. நானா அதில் ஏறியதும் வேறு மனிதராகிவிட்டார். இரண்டு மரங்களுக்கு நடுவே நுழைவதும், குவியலில் வாளியை இறக்குவதும், சுழன்று வந்து கொட்டுவதும்... இடியப்ப உரலில் தேர்ந்த கை மாதிரி. மூன்று பேர் ஒரு வாரம் சுமந்ததைப் போல நான்கு மடங்கை மாலைக்குள் தள்ளி முடித்தார். நான் மனதுக்குள் தீர்மானித்தே விட்டேன். இதுதான், நானாவுக்கும் ஒரு தொழில் ஆகிவிடும் என்று.

இரண்டாம் நாள் காலையில் என் மகளின் மகன், நான்கு வயது, ஒரு பால்மா டின்னோடு போயிருக்கிறான். எருவைக் கிளறக் கிளறப் புழு வருகிறதே, கோழிக்குப் பொறுக்கத்தான். நான் குசினி ஜன்னலால் பார்க்கிறேன். இயந்திரம் வாளியை நிறைத்துக்கொண்டு பின்னுக்கு வருகிறது. அதன் பின்னால் குழந்தை குனிந்திருக்கிறான். நான் போட்ட சத்தம் அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? தேங்காய் பொறுக்க வந்திருந்த பெண்தான் ஓடிப்போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாள். டின் சக்கரத்தின் கீழ் போய்த் தட்டையாகிவிட்டது. அல்லாஹ் காப்பாற்றினான்.

நானா இயந்திரத்தை நிறுத்தி இறங்கினார். அதில் ஏறுவதும் இறங்குவதும் முன்பக்கத்தால்தான், வாளியைத் தாண்டி. இறங்கி வந்து அந்தத் தட்டையான டின்னைப் பார்த்தார். பிறகு ஒரு மரத்தடியில் குந்தி வெகுநேரம் பேசாமல் இருந்தார். கடைசியில், "அங்க பின்னால ஒருத்தன் கொடி பிடிச்சிக்கொண்டு நிப்பான். இதில இருந்தா பின்னுக்கு ஒண்டும் தெரியாது" என்றார். அவ்வளவுதான்.

இவர் அன்றே டிரக்டர்தான் என்று முடிவு கட்டிவிட்டார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. டிரக்டரும் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள் அல்லவே! அதன் பின்னால் இயந்திரங்களைச் சுற்றவைக்கும் ஒரு தண்டு இருக்கிறது. நிமிடத்துக்கு 540 சுற்று. அதாவது நீங்கள் 'ஒன்று' என்று சொல்லி முடிப்பதற்குள் ஒன்பது சுற்று. முந்தானையோ பர்தாவின் நுனியோ அதில் அகப்பட்டால் உதறிக்கொள்ள நேரம் கிடைக்காது. சரிவில் பெட்டியோடு புரண்டு ஓட்டியவரையே நசுக்கிய டிரக்டர்களும் உண்டு. பயத்தை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தெரிய முடியாது.

நான் வாப்பாவின் கொப்பிகளை எடுத்தேன். வாப்பா தோட்டத்தில் என்ன வேலை நடந்தாலும் தேதி போட்டு எழுதி வைப்பார். அவர் போன பிறகு அதே பழக்கத்தில் நானும் எழுதி வருகிறேன். டீசல் வரிசைக்கு முந்திய வருடத்தை எடுத்து, இயந்திரம் தேவைப்பட்ட நாட்களை மட்டும் ஒரு தாளில் பிரித்து எழுதினேன். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஆய்வதால் தேங்காய் ஏற்ற 12 நாள். பொச்சுமட்டையை ஆலைக்கு அனுப்ப 6 நாள். கன்றுகளுக்குப் பவுசரில் தண்ணீர் 30 நாள். மழைக்கு முன் புல்லைப் புரட்ட 6 நாள். ஓலை, விறகு, மற்றச் சில்லறை வேலைகள் 7 நாள். மொத்தம் 61. எரு அள்ள 3 நாள், குழிகளில் மட்டை தள்ளி மூட 4 நாள், ஆக 7 நாள்தான் வாளி வேலை.

61 நாளும் இழுக்கும் வேலை. குட்டி இயந்திரம் அள்ளப் பிறந்தது. பெட்டி இழுத்துக்கொண்டு ஏ3 பாதையில் ஆலைக்குப் போகப் பிறந்ததல்ல. மணிக்கு பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்தான் அதன் வேகம். பிறகு அதன் கதையைத் தேடிப் படித்தேன். 1950களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் வான்கோழி வளர்த்த ஒருவர், கொட்டகையைக் கூட்டி அள்ள ஒரு சின்ன இயந்திரம் வேண்டும் என்று கெல்லர் என்ற இரு சகோதரர்களிடம் கேட்டிருக்கிறார். தூண்களுக்கு நடுவே திரும்ப வேண்டும், மேல்தளத்திலும் ஏற்றக்கூடிய பாரமாக இருக்க வேண்டும். அப்படித்தான் மூன்று சக்கரத்தோடு அது பிறந்தது. நாலு சக்கரம் 1960இல் வந்தது. கொட்டகைத் தரையில் திரும்பப் பிறந்தது என்று படித்ததும் நான் எழுந்து தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன்.

சக்கரம் உருண்டு திரும்பவில்லை, தேய்த்துத்தான் திரும்பியிருக்கிறது. அது சுழன்ற இடங்களில் புல் ஒன்றுகூட இல்லை. மணல் கிளறி, தென்னையின் மெல்லிய வேர்கள் அறுந்து மேலே கிடந்தன. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. மரத்தைச் சுற்றி ஆறடி வட்டத்துக்குள்தான் உணவு தேடும் வேர்களில் பெரும்பகுதி படர்ந்திருக்கும். நாம் எரு போடுவதும் அந்த வட்டத்துக்குள்தானே! எருவைக் கொடுக்கப் போய் வாயை அறுத்த மாதிரி ஆகிவிட்டது. டிரக்டர் சக்கரமும் மண்ணை அமுக்கத்தான் செய்யும், ஆனால் வரிசைக்கு நடுவே உருண்டு போய்விடும்.

காசுக் கணக்கும் இருந்தது. லீசிங்கில் எடுக்கலாம் என்றார்கள். வட்டியென்பதால் நாங்கள் இருவருமே விரும்பவில்லை. பழைய டிரக்டர் ஒன்றுக்கு என் காப்புகள் போதும். குட்டி இயந்திரத்துக்கு உம்மா எனக்குப் போட்ட அட்டியலும் போக வேண்டும். டிரக்டர் பழுதானால் சந்திக்குச் சந்தி திருத்த ஒரு பாஸ் இருக்கிறார். மற்றதன் ஹைட்ரோலிக் குழாய் வெடித்தால் கொழும்புக்குத்தான் ஆள் போக வேண்டும்.

அன்று இரவு தேநீரோடு அந்தத் தாளையும் கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டுத் திரும்பாமல் நானும் ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

"டிரக்டர் வாங்குவோம். ஆனா முன்னுக்கு வாளி பூட்டினதாப் பார்த்து வாங்குவோம். அந்த ஏழு நாளும் அதில போகட்டும்" என்றேன்.

இவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானா அதைத் தொடவில்லை. "உன்ட காணி, உன்ட விருப்பம்" என்று எழுந்து போனார். டிரக்டர் வந்த அன்றும் அவர் வரவில்லை. ஆறு வாரம் எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு மனசு கனக்கிறது. அந்த இயந்திரத்தில் ஏறியபோது அவர் முகத்தில் இருந்த தெளிவை நான் பார்த்திருந்தேன். நான் மறுத்தது இயந்திரத்தை மட்டுமல்ல என்று எனக்குத் தெரியாமலில்லை.

முன்வாளியும் சொன்னவுடன் கேட்டுவிடவில்லை. முதல் தடவை ஈர எருவை நிறைத்துத் தூக்கினார் இவர். பாரம் முழுவதும் முன்னுக்குப் போய், பின் சக்கரம் இரண்டும் நிலத்தை விட்டு எழும்பின. இவர் வெளிறிப்போய் இறங்கி வந்தார். அந்தச் செய்தி எப்படியோ நானாவுக்கு எட்டிவிட்டது. மறுநாள் ஸுபஹுக்குப் பிறகு ஒரு பாதி எண்ணெய் பீப்பாவையும் இரண்டு மூடை சீமெந்தையும் முச்சக்கர வண்டியில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார்.

"மச்சான், பின்னுக்குப் பாரம் இல்லாம முன்னுக்குத் தூக்குறதா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று இவரை ஏசினார். பீப்பாவுக்குள் கம்பி வைத்துச் சீமெந்தை நிறைத்து, காய்ந்த பிறகு டிரக்டரின் பின் கைகளில் மாட்டினார். அன்றிலிருந்து சக்கரம் எழும்பவில்லை. சுற்றும் தண்டுக்கு உறை பூட்டியதும் அவர்தான். குட்டி இயந்திரம் ஒரு நாளில் முடித்த வேலைக்கு இது மூன்று நாள் எடுக்கிறது. அதை நானா ஒவ்வொரு தடவையும் சொல்லிக் காட்டுவார். காட்டட்டும்.

இப்போது வாளி வேலை நாட்களில் அவரே ஓட்டுகிறார். ஏறுவதற்கு முன் குவியலைச் சுற்றி நாலு கம்பு நட்டு, ஒரு சிவப்புக் கயிறு கட்டுவார். கட்டி முடிக்கும்வரை சாவி என் கையில் இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். போன தடவையும் பேரன் கயிற்றுக்கு இப்பால் நின்று, புது டின்னைத் தூக்கித் தூக்கிக் காட்டினான். நானா இயந்திரத்தை நிறுத்தி இறங்கி, ஒரு பிடி புழுக்களைப் பொறுக்கிக் கொண்டுவந்து அதற்குள் போட்டார்.